காசு மறையும் இடம்

லேடீஸ் கவுண்டரில் உட்கார்ந்தால் முகம் தெரியாது. கைதான் தெரியும்.

எழுபதுகளில் மட்டாஞ்சேரியில் ஒரு சினிமாக் கொட்டகையில் பெண்களுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. கொட்டகை ஒரு காலத்தில் மிளகுக் கிடங்காக இருந்த கட்டடம். சுவர் அவ்வளவு கனம். அதில் துளைத்திருந்த ஓட்டையில் ஒரு கை மட்டும் முழங்கைவரை நுழையும். வெளியே வரிசையில் நிற்கிறவள் கையை நீட்டுவாள். அது என் முன்னால் வந்து விரியும். காசை எடுத்துக்கொண்டு டிக்கெட்டை வைப்பேன். கை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விடும். இஞ்சி உலர்த்துகிற களத்தில் வேலை செய்கிறவளின் கை, மீன் நறுக்கிய கை, மருதாணி இட்ட கை எல்லாம் எனக்குப் பழக்கம். அதே ஆளைத் தெருவில் பார்த்தால் யாரென்று தெரியாது.

காசிலும் வித்தியாசம் உண்டு. குளிர்ந்திருந்தால் அது பையிலிருந்து வந்தது. ஈரமாக இருந்தால் முந்தானை முடிச்சிலிருந்து. சூடாக இருந்தால் ஜாக்கெட்டுக்குள் செருகிய பர்ஸிலிருந்து வந்தது என்று அர்த்தம். அந்தச் சூடு விரலில் படும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நானும் அங்கேதான் பர்ஸ் வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஒரு மழைக்காலத்தில் படம் ஓடாமல் ஈயடித்தபோது முதலாளி ஒரு மேஜிக் கோஷ்டியைக் கொண்டுவந்து போட்டார். பக்கவாட்டுக் கதவருகே நின்று பார்த்தேன். பெட்டிக்குள் பெண்ணை அறுத்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் அந்த ஆள் ஒரு ரூபாய்க் காசை இடது கையில் வைத்து மூடி, ஊதித் திறந்தான், காசு இல்லை. எனக்கு ஆச்சரியத்தைவிடக் கோபம்தான் வந்தது. நாளெல்லாம் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். கையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இவனுக்குத் தெரிந்திருக்கிறதா? அடுத்த விடுமுறை நாளில் படகேறி எறணாகுளம் போய், பிராட்வே நடைபாதையில் மேஜிக் கற்றுத்தரும் ஒரு மெல்லிய தமிழ்ப் புத்தகத்தை வாங்கி வந்துவிட்டேன்.

வாங்கி என்ன பயன்? நான் படித்தது மலையாளத்தில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எங்கள் வீட்டில் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் அப்பா மட்டும்தான். அவர் கார்ப்பரேஷனில் வால்வு திறக்கிறவர். நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், தரையில் இருக்கும் மூடியைத் தூக்கி, தண்ணீரைத் திறந்துவிடுவார். மூடியைத் தேடித் தேடியே தலை குனிந்து நடக்கிற பழக்கம் வந்துவிட்டது. தண்ணீர் சரியாக வரும் தெருக்காரர்கள் அவரைப் பைப்பு சேட்டன் என்பார்கள். வராத தெருவில் வேறு பெயர் இருந்திருக்கும்.

முதல் வரியை நானே வாசித்துக் காட்டுகிறேன் என்று ஜம்பமாக ஆரம்பித்தேன். "முதலில் நாணத்தை வலது கையில் எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி காட்டவும்."

அப்பா சாயா குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, புரையேறி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "மோளே, ஒரு எழுத்தை விழுங்கிட்டியே. நாணயம். காசாக்கும் அது."

எனக்கு எப்படித் தெரியும்? மலையாளத்தில் நாணம் தினமும் புழங்குகிற சொல். தெருக்குழாயில் இரண்டு பேர் சண்டை போட்டால் மூன்றாவது வார்த்தை "நாணமில்லே?" என்பதாகத்தான் இருக்கும், வெட்கமாக இல்லையா என்று. வெட்கத்தை எப்படிக் கையில் எடுப்பது, அதை எதற்கு நாலு பேருக்குக் காட்டுவது என்று எனக்கும் வாசிக்கும்போதே குழப்பம்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காசுக்கு அதுவே பெயராகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் அப்பா காலைக் கழுவிவிட்டுக் கூப்பிடுவார். "எங்கே, நாணத்தை எடு, நோக்கட்டும்."

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "காசை மறைக்கறதுக்கு வித்தை வேறயா? இந்த வீட்டுல அது தானா மறையுது" என்பாள்.

புத்தகத்தை எழுதிய ஆளுக்கு 'இயல்பாக' என்ற சொல்லின் மேல் பைத்தியம். இயல்பாகக் கையை மூடவும். இயல்பாக உடலைத் திருப்பவும். இயல்பாகப் புன்னகைக்கவும். இயல்பாக என்றால் என்னப்பா என்று கேட்டேன். அப்பா யோசித்தார். "நான் வால்வு திறக்கற மாதிரின்னு வெச்சுக்கோ. திறக்கறோம் திறக்கறோம்னு நினைச்சுக்கிட்டா திறக்கறேன்? அது பாட்டுக்குத் திறக்குது."

என் கை அது பாட்டுக்கு எதையும் செய்யவில்லை. காசு வலது கையில் இருக்கும். இடது கையில் போடுவது மாதிரி காட்டி, போடாமல் வலது கையிலேயே அமுக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அந்த நாளில் ஒரு ரூபாய் பெரிய காசு. உள்ளங்கையில் அமுக்கியதும் பெருவிரல் விறைத்துவிடும். கையில் கட்டி வந்தவள் மாதிரி அதைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்பா உடனே தொடையில் தட்டி, "பிடிச்சே! வலது கையில! பெருவிரல் செத்துக் கெடக்கு!" என்று கத்துவார். என்னைப் பிடிப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிடிபடுவது எனக்கு எரிச்சல்தான் என்றாலும், அந்தச் சத்தத்துக்காகவே சாயங்காலத்தை எதிர்பார்ப்பேன்.

விறைப்பைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று இருந்தது. எங்கள் பக்கம் யார் காசை இடது கையில் வைப்பார்கள்? இடது கையை நீட்டினால் கடைக்காரன் முறைப்பான். வாங்குவது, கொடுப்பது எல்லாம் வலது கைதான். வலது கைக்கு அவசரமாக வேறு வேலை வந்தால்தான் காசு இடது கைக்குப் போகும். அந்த வேலை என்ன என்பதுதான் கேள்வி. புத்தகம் இதற்குச் சொன்ன வழி, வலது கையால் மந்திரக்கோலை எடுக்கவும் என்பது. இல்லையென்றால் கோட்டுப் பையில் கையை விடவும். மந்திரக்கோலுக்கு நான் எங்கே போவேன்? அப்பாவின் வால்வுச் சாவியைத்தான் தூக்க வேண்டும். கோட்டு போட்ட ஒரு பெண்ணை நான் அதுவரை பார்த்ததும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அப்பா ஒரு காரியம் செய்தார். எறணாகுளத்தில் தமிழர்கள் நடத்துகிற ஒரு சங்கம் இருந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு ஹாலில் நிகழ்ச்சி வைப்பார்கள். ஏலூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற எஞ்சினியர்கள், பேங்க் அதிகாரிகள், தேவராவிலிருந்து வருகிற கப்பல்படைக்காரர்கள் எல்லாம் குடும்பத்தோடு முன் வரிசை நாற்காலிகளில் உட்காருவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பாடுவார்கள், ஆடுவார்கள். எங்களை மாதிரி மூன்று தலைமுறைக்கு முன்னால் பிழைக்க வந்த மட்டாஞ்சேரித் தமிழர்களும் உறுப்பினர்கள்தான். அப்பா காலையிலேயே போய் பெஞ்சு இழுத்துப் போடுவார், தண்ணீர் டிரம் நிரப்புவார், பிறகு கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

அந்த வருஷம் காரியதரிசியிடம் "என் மகள் மேஜிக் செய்வாள்" என்று சொல்லிவிட்டு வந்தார். பங்கெடுக்கிறவர்களின் பெற்றோருக்கு முன் வரிசையில் நாற்காலி உண்டு. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக் கொடி கட்டித் தொங்கவிட்டதைப் பார்த்து நானே புரிந்துகொண்டேன். நான் பிடிபட்டால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் எங்கே பார்ப்பார் என்று நினைத்தேன். அப்பாவுக்கு முன்னால் பிடிபடுவது விளையாட்டு. அந்த ஆட்களுக்கு முன்னால் பிடிபட்டால் அவர் மறுபடியும் பெஞ்சு தூக்கப் போகவேண்டியதுதான், அதுவும் முன்பைவிடக் குனிந்த தலையோடு.

வழி கவுண்டரில் கிடைத்தது. ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில் வெளியே வந்து, வரிசையில் நின்ற பெண்களை முழுசாகப் பார்த்தேன். ஒருத்தி கையில் வைத்திருந்த காசை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையால் மாராப்பை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவள். யாரும் நினைத்துச் செய்யவில்லை. எனக்கு நடுரோட்டில் கூத்தாட வேண்டும் போலிருந்தது. பெண்ணின் வலது கைக்கு எந்த நேரமும் இருக்கிற வேலை இது. அந்தக் கை போய்ச் சேருகிற இடமோ, தினமும் நாங்கள் பர்ஸ் வைக்கிற இடம். காசு விழுந்தால் சத்தமே இல்லாமல் தங்கும். இடது கையைத் திறந்தாலும் காலி, வலது கையைத் திறந்தாலும் காலி. அந்தப் புத்தகக்காரனின் கோட்டால்கூட இப்படி இரண்டு கையையும் விரித்துக் காட்ட முடியாது.

அன்று சாயங்காலமே அப்பாவை உட்காரவைத்துச் செய்து காட்டினேன். காசை இடது கையில் வைக்கிற மாதிரி மூடினேன். வலது கையால் மாராப்பை ஒருமுறை இழுத்துவிட்டேன். இடது கையை ஊதித் திறந்தேன். பிறகு வலது கையையும் விரித்தேன்.

அப்பா நிமிர்ந்து இரண்டு கைகளையும் பார்த்தார். தொடையில் தட்டவில்லை. "கொள்ளாமே" என்றார். நல்லாயிருக்கே என்பதற்கு அவர் சொல். "இப்பத்தான் இயல்பா இருக்கு."

அதன் பிறகு அவர் என்னை ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரே ஒரு புதுப் பழக்கம் அவருக்கு வந்தது. நான் இடது கையைத் திறப்பதற்கு முன்பாகவே, "நாணம் போச்சா?" என்று கேட்பார். போச்சு என்று சொன்னதும் நிமிர்ந்து பார்ப்பார். அது எங்கள் விளையாட்டின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டேன். அடுக்களை வாசலில் நின்று ஒருநாள் வித்தை முழுவதையும் பார்த்த அம்மா மட்டும், "கண்றாவி. இதையா மேடையில காட்டப் போறே?" என்றாள். அம்மாவுக்கு எதுதான் பிடித்தது என்று நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பொங்கல் நிகழ்ச்சியன்று அப்பா நீலம் போட்ட சட்டையோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் காரியதரிசி, மறுபக்கம் ஒரு எஞ்சினியர். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார் என்றாலும் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் தட்டில் காசுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மறைக்க வேண்டும். கடைசியில் மூடி வைத்த எவர்சில்வர் டம்ளரைத் திறந்தால் எல்லாக் காசும் அதில் இருக்கும். அது நான் முன்பே போட்டு வைத்த வேறு காசு.

முதல் காசு போயிற்று. நல்ல கைதட்டல். எனக்குத் தைரியம் வந்து, இரண்டாவது காசின்போது சபையை நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

என் வலது கை மாராப்புக்குப் போனதும் முன் வரிசை ஆண்கள் அத்தனை பேர் தலையும் கவிழ்ந்தது. காரியதரிசி நிகழ்ச்சி நிரலைப் படித்தார். எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா தன் காலடியில் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஒரு வால்வு மூடி இருப்பது போல. கை கீழே இறங்கியதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் ஊதித் திறந்தேன். காசு இல்லை. பலமாகக் கைதட்டினார்கள்.

அவர்கள் நல்லவர்கள், மரியாதையானவர்கள். அதனால்தான் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் கை அங்கே போனால் கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்தவர்கள். என் கை இயல்பாக இருந்ததால் காசு மறையவில்லை. அவர்கள் வெட்கப்பட்டதால் மறைந்தது. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. மேடையை விட்டு இறங்கி ஓடலாம் என்றால், தட்டில் இன்னும் காசு இருக்கிறது. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாள் என்று கேட்பார்கள். கை அது பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டே போனது. அப்பா சொன்ன இயல்பு அன்றுதான் எனக்கு முழுசாக வந்தது.

ஒவ்வொரு காசுக்கும் அதே மாதிரி தலைகள் கவிழ்ந்து நிமிர்ந்தன. உள்ளே ஒரு காசு இன்னொன்றின் மேல் விழுகிற மெல்லிய சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் விழுந்தவை அதற்குள் சூடாகியிருந்தன. பெண்கள் பக்கம் யாரும் குனியவில்லை. எல்லோரும் மடியில் கையை வைத்துக்கொண்டு நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது மேஜிக்கே இல்லை. ஒருத்தி பர்ஸைப் பத்திரமாக வைப்பதை எத்தனை தடவைதான் பார்ப்பது? ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை, பக்கத்திலிருப்பவளின் காதில் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைத் திறந்து காட்டியபோது ஆண்களைவிட அதிகமாகக் கைதட்டியவர்கள் அவர்கள்தான். எனக்காகத் தட்டினார்கள். அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். காரியதரிசியின் மனைவி உள்ளே வந்தார். தன் சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதேம்மா. இதைக் குத்திக்கிட்டா அடிக்கடி இழுத்துவிட வேண்டியிருக்காது" என்றார்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று, மனசில் எந்தக் கள்ளமும் இல்லாமல் திரும்பிக் கேட்டார். "ஆமா, வீட்டுல இதை அப்பாகிட்ட செஞ்சு காமிச்சிருக்கியா? அவர் ஒண்ணும் சொல்லலையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக ஒவ்வொரு சாயங்காலமும் அப்பாவை எதிரில் உட்காரவைத்து, பாருங்க பாருங்க என்று சொல்லி, நான் செய்தது இதைத்தான். அவர் பார்க்கவே இல்லை. முதல் நாளே குனிந்துவிட்டார். எப்போதும் குனிந்தே இருக்கிற மனுஷன் என்பதால் எனக்குத் தெரியவில்லை. "நாணம் போச்சா?" என்று கேட்டது விளையாட்டுக்கு இல்லை. நிமிரலாமா என்று கேட்டிருக்கிறார். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நல்லாயிருக்கு, இயல்பாயிருக்கு என்று சொல்லிவிட்டு, இதைத்தான் மேடையில் எல்லோருக்கும் முன்னால் காட்டப்போகிறாள் என்று தெரிந்தே சட்டைக்கு நீலம் போட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். என்னை அப்படியே பூமி விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

திரும்பும்போது படகில் அப்பா நிற்காமல் பேசினார். காரியதரிசி கை கொடுத்ததைச் சொன்னார். எஞ்சினியர் எந்தத் தெரு, என்ன வேலை என்று விசாரித்ததைச் சொன்னார். "காசு போன வழி ஒருத்தனுக்கும் மனசிலாகலை கேட்டியா" என்றார்.

"நீங்க பாத்தீங்களாப்பா?"

"பாக்காம பின்னே? முன்னாடியே இல்லா உக்காந்திருந்தேன்."

எனக்குள் ஏதோ ஒரு கெட்ட புத்தி. விட்டிருக்கலாம், விடவில்லை. "அப்ப சொல்லுங்க. எந்தக் கையிலேருந்து போச்சு?"

அவர் காயலைப் பார்த்தார். தண்ணீரில் பாசியும் மண்ணெண்ணெயும் மிதந்துகொண்டிருந்தன. "ரெண்டு கையிலேருந்தும்தான்" என்றார். அதன் பிறகு மட்டாஞ்சேரிப் படகுத்துறை வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய அந்த ஒரு நாளை முழுசாகச் சந்தோஷமாக இருக்கவிட என்னால் முடியாமல் போய்விட்டது.

அடுத்த வருஷம் சங்கத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். கை வலி என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. காலையிலேயே போய்ப் பெஞ்சு இழுத்துப் போட்டார், டிரம்மை நிரப்பினார், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றார். நிற்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்தான். ஆனால் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தவர் மறுபடி நிற்பதை என்னால் பார்க்க முடியாமல், நான் நிகழ்ச்சிக்குப் போவதையே விட்டேன்.

வித்தையை மட்டும் விடவில்லை. அது வீம்பு. மாராப்பை அந்த ஊக்கால் குத்திக்கொண்டு, கவுண்டரில் உட்கார்ந்து மறுபடி கற்றேன். கூட்டமான நாளில் ஒரு கை காசை நீட்டும்போதே அடுத்த டிக்கெட்டைக் கிழிக்க வேண்டியிருக்கும். காசு என் உள்ளங்கையில் இருக்கும்போதே விரல்கள் டிக்கெட்டை எடுத்து நீட்டிவிடும். பெருவிரல் விறைப்பதில்லை, அதற்கு நேரம் ஏது? கையில் காசு இருப்பதே எனக்கு மறந்துபோகும். எனக்கே மறந்துபோனால் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? வருஷக்கணக்கில் பழகிய பிறகு, காசை இடது கையில் விட்ட மாதிரி காட்டிவிட்டு, அதே வலது கையால் சாயா கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்து வைக்க முடிந்தது. அவ்வளவுதான். யாரும் எங்கேயும் கண்ணைத் திருப்ப வேண்டாம். உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அதற்குள் எண்பதுகள் வந்து, ரூபாய்க் காசே சின்னதாகிவிட்டது. நான் பிடிவாதமாகப் பழைய பெரிய காசிலேயே பழகினேன்.

இதை முதலில் அப்பாவுக்குத்தான் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். அவர் பார்க்க வேண்டும். முழுசாகப் பார்த்து, முடிந்தால் பிடிக்க வேண்டும். "பிடிச்சே!" என்று தொடையில் தட்ட வேண்டும். பிடித்தால் எனக்குத் தோல்விதான். அந்தத் தோல்வி எனக்கு வேண்டியிருந்தது.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளிச்சமாக இருக்கட்டும் என்று ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். எதிரில் ஸ்டூலில் சாயா கிளாஸ். மாராப்பில் ஊக்கு. சேலைப் பக்கம் கை போகவே போகாது.

"அப்பா, புதுசா ஒண்ணு கத்துக்கிட்டிருக்கேன். நோக்குங்க."

"ஆகட்டும், காட்டு மோளே" என்று சிரித்தார். சந்தோஷம்தான், முகத்தில் தெரிந்தது.

நான் வலது கையை நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு ரூபாய். புத்தகத்தின் முதல் வரியில் இருப்பது போல எல்லோருக்கும் தெரியும்படி காட்டினேன். இன்னும் எதையும் ஆரம்பிக்கவில்லை, இடது கையைத் தூக்கக்கூட இல்லை. அதற்குள் அப்பாவின் தலை கவிழ்ந்துவிட்டது.

காத்திருந்தேன். நிமிர்வார் என்று நினைத்தேன். அவர் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். உச்சந்தலையில் முடி கொட்டிப்போன இடம் ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தது. பாருங்கப்பா, இது அது இல்லை, இப்போது பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் முன்பு பார்க்க முடியாமல் இருந்தது என்றும் சொன்னதாகிவிடும். அந்தப் பேச்சை அவர் அத்தனை வருஷமாக எங்களுக்குள் வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாணம் போச்சா?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

காசு என் உள்ளங்கையில் வெட்டவெளிச்சமாகக் கிடந்தது.

"போச்சுப்பா" என்றேன்.